மாசியிலேயே சுடும் வெயில்: இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

மாசிப் பனி மச்சையும் துளைக்கும் என்பது நம் பகுதிப் பெரியோர் வழக்கு. அண்மைக் காலத்தில் அந்தப் பனி விடியற்காலையோடு விலகிவிட, முற்பகலிலேயே சித்திரையை நினைவூட்டும் வெயில் அடிக்கும் நாள்கள் பிப்ரவரியில் வரத் தொடங்கியுள்ளன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகள் 1901 முதல் உள்ளன. அவற்றின்படி, நாடு முழுவதற்குமான பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி மிக அதிகமாக இருந்தது 2023 பிப்ரவரியில். இரவையும் பகலையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரியில் 2025 பிப்ரவரி முதலிடம் பெற்றது. அது 22.04 டிகிரி செல்சியஸ், இயல்பைவிட 1.34 டிகிரி கூடுதல். 2023இல் கட்ச் வறண்ட நிலத்துக்கும் கொங்கண் கடற்கரைக்கும் பிப்ரவரி மாதத்திலேயே வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

திருக்கனூர், மண்ணாடிப்பட்டு வட்டாரத்தில் உள்ளவர்கள் அத்தகைய எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். கடலோரப் பகுதிகளில் வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அது வெப்ப அலை எனக் கருதப்படும். பிப்ரவரியில் நம் பகுதியின் இயல்பான பகல் வெப்பம் சுமார் 30 டிகிரி. அது 34, 35 என ஒரு வாரம் நீடித்தாலும் எந்த அறிவிப்பும் வராது. ஆனால் நோயாளியின் உடல் வானிலைத் துறையின் வரையறையைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

மே மாதத்து 35 டிகிரியும் பிப்ரவரி மாதத்து 35 டிகிரியும் உடலுக்கு ஒன்றல்ல. வெயிலில் தொடர்ந்து இருக்கும்போது உடல் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கிறது. அந்த வியர்வையில் உப்பு குறைகிறது. பிப்ரவரியில் திடீரென வரும் வெயிலுக்கு முன் இந்தப் பழக்கம் ஏற்பட்டிருப்பதில்லை. மேலும், காற்று வறண்டிருந்தால் வியர்வை தோலில் நிற்காமல் உலர்ந்துவிடும். சட்டை நனையாததால் உடலிலிருந்து நீர் போவதே தெரியாது. முதியோருக்குத் தாக உணர்வும் மங்கியிருக்கும். ஆகவே, "தாகம் எடுத்தால் கேட்பார்" என்று வீட்டார் இருந்துவிடக் கூடாது.

மருந்துகளின் பங்கு

உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் பலர் நீர் பிரியும் மாத்திரை உட்கொள்கின்றனர். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், புரூசிமைடு ஆகியன அவ்வகையின. குளிர்ந்த மாதங்களில் இரத்த அழுத்தம் சற்று உயர்வது இயல்பு. மார்கழியில் அதைப் பார்த்து மாத்திரையின் அளவு கூட்டப்பட்டிருக்கலாம். வெயில் வந்ததும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அப்போது அதே அளவு மாத்திரை மிகுதியாகிவிடக்கூடும். படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றல், கண் இருளுதல், முதியோர் கழிவறைக்குச் செல்லும்போது விழுதல் ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். "உடம்பு சூடு" என்று தலையில் எண்ணெய் வைத்து முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எண்ணெய் வைப்பதில் தீங்கில்லை. இரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பார்ப்பதை அது தள்ளிப்போடாதிருந்தால் போதும்.

எக்காரணம் கொண்டும் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஆனால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டு உணவும் நீரும் உள்ளே செல்லாத நாளில், நீர் மாத்திரை, எனலாபிரில், டெல்மிசார்டன், மெட்பார்மின் ஆகியவற்றைத் தொடரலாமா என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்பது அவசியம். மனநல மருந்துகள், குறிப்பாக லித்தியம் உட்கொள்வோருக்கும் இது பொருந்தும்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

இக்கட்டுரை முதன்மையாக வலியுறுத்த விரும்புவது இதைத்தான். தையும் மாசியும் நம் பகுதியில் சம்பா அறுவடைக் காலம். கரும்பு வெட்டும் நடக்கிறது. கரும்புச் சோகை கிழிக்காமலிருக்கத் தொழிலாளர் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் அணிந்து வேலை செய்கின்றனர். வெப்பம் உடலிலிருந்து வெளியேற வழி குறைகிறது. மாலையில் இடுப்பு வலி, மூட்டு வலி. மருந்துக்கடையில் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற மாத்திரை எளிதில் கிடைக்கிறது. சிலர் ஊசியே போட்டுக்கொள்கின்றனர்.

உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தனக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ள உடலில் சுரக்கும் சில வேதிப்பொருள்களை நம்பியிருக்கிறது. வலி மாத்திரை அவற்றைத்தான் தடுக்கிறது. இதனுடன் நீர் மாத்திரையும், எனலாபிரில் அல்லது டெல்மிசார்டன் வகை மாத்திரையும் சேர்ந்தால், சிறுநீரகம் சில நாள்களில் திடீரெனச் செயலிழக்க நேரலாம். வலியே இல்லாமல் இது நிகழும் என்பதுதான் கவலைக்குரியது.

நம் வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சர்க்கரை நோயோ வேறு தெளிவான காரணமோ இன்றி ஏற்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் காணப்படுவதை ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு விவரித்தது. 'தொண்டைமண்டல சிறுநீரக நோய்' என்று அதற்குப் பெயரிடப்பட்டது. ஆந்திரத்தின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்கள் ஆகிய இடங்களிலும் இதை ஒத்த நோய் உழைக்கும் மக்களைத் தாக்கியுள்ளது. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. வெப்பமும் நீரிழப்பும் ஐயத்துக்குரியவற்றுள் முக்கியமானவை. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றும் முறையாகக் கொடுக்கப்பட்டபோது மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளரிடையே சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. கரும்பு வெட்டும் குழுவை நடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வெயில் கூடிய முதல் வாரத்தில் வேலையை விடியலில் தொடங்கி முற்பகலில் நிறுத்துவது நன்று.

வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதுமானதா என முதலில் பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ அளவில் குறைந்தோ இருந்தால் அன்று மேற்கூறிய வலி மாத்திரைகள் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்வோர், மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்கும்போது தங்கள் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

எல்லாருக்கும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட முடியாது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இதயம் தளர்ந்தோருக்கும் நீரின் அளவு வரையறுக்கப்பட்டிருக்கும். வெயிலுக்காக அதைத் தாமாகக் கூட்டக் கூடாது. தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினாலும் குறைந்தாலும் மருத்துவரிடம் வாருங்கள். மற்றவர்கள் நீர், மோர், நீராகாரம் அருந்தலாம். மோரில் உப்பை அள்ளிப் போட வேண்டாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். அரைக் குவளையில் கரைத்துக் குடிப்பது தவறு. இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் நீர் படாமல் வைக்கலாம்.

மாசி மகத்தன்று திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரைக்கு முதியோரை அழைத்துச் செல்வோர், காலையிலேயே நீராடித் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

வெயிலில் இருந்தவர் பிதற்றினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். வியர்த்திருந்தாலும் அப்படியே கருதுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இச்சூட்டைத் தணிக்காது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அவர் உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், வலி மாத்திரை உட்பட, கையோடு எடுத்து வாருங்கள்.