டார்க் கன்வெர்ட்டரும் பி.எம்.பி.ஓ. வாட்ஸும்

ரொம்ப நாளா ஆணி அதிகம். (மத்தவங்க ஆபீஸ் வேலையை ஆணி புடுங்கறதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லுவாங்க. நான் புனேல வாகனத் துறையில இருக்கறதால நமக்கு நெசமாவே நட்டு, போல்ட்டு, ஆணிதான்.) அதான் இந்தப் பக்கமே தலை காட்டலை. இப்ப வந்திருக்கறது கொஞ்சம் வயித்தெரிச்சலைக் கொட்டிட்டுப் போக. டெக்னிக்கல் சமாச்சாரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க அடுக்ககத்துல ரெண்டு மாடி மேல ஒரு மராட்டிக்காரத் தம்பி இருக்கான். கட்டடத் தொழில், கையில காசு, மனசுல வேகம். நான் தமிழ்நாட்டுக்காரன்கறதால எனக்குப் பேரு 'அண்ணா'. 2016ல இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. வச்சிருக்கான். 5 லிட்டர் வி8 எஞ்சின், 515 நியூட்டன் மீட்டர் டார்க், 6 கியர் ஆட்டோமேடிக். அதுவே எமன். அது பத்தாதுன்னு அமெரிக்காவுல இருந்து ட்வின் ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர் ஒண்ணு வரவழைச்சு மாட்டினான்.

மாட்டினதோட நிக்கலை. ஒரு நாள் லிஃப்ட்ல பார்த்தப்ப போனைக் காட்டினான். "அண்ணா, புது டார்க் கன்வெர்ட்டர். 3600 ஸ்டால்! கடைக்காரர் இதுக்கு மேல சின்னது போட்டா சூப்பர்சார்ஜர் வேஸ்ட்டுன்னு சொல்றார்."

எனக்கு அந்த நம்பரைப் பார்த்ததுமே வயித்தைக் கலக்குச்சு. ஆனா என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாருக்கு தம்பி" அப்படின்னேன். கேக்காம அறிவுரை சொல்ற மதராஸி மாமாங்கற பேரு எதுக்குன்னு ஒரு நாசூக்கு. அந்த நாசூக்குக்கு என்னை இப்பவும் செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம், மும்பைல இருந்து திரும்பி வர்றப்ப கண்டாலா மலை ஏத்தத்துல, நெரிசல்ல, வண்டிக்கு அடியில இருந்து புகை. கியர்பாக்ஸ் ஆயில் கொதிச்சு நுரைச்சு, மூச்சுக்குழாய் வழியா வெளிய வந்து சூடான சைலன்சர் குழாய்ல சொட்டியிருக்கு. அவன் பொண்டாட்டியும் நாலு வயசுக் குழந்தையும் ரோட்டோரத்துல நின்னுட்டிருந்தாங்க. பின்னாடி வந்த லாரிக்காரர் தீயணைப்பானைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கார். நல்லவேளை, தீ பிடிக்கலை. கியர்பாக்ஸ் மட்டும் போச்சு.

வித்த கடை பேரை எழுத மாட்டேன். ஏன்னா இது ஒரு கடையோட தப்பு இல்லை. 'ஸ்டால் நம்பர் பெருசா இருந்தா வண்டி வேகமா போகும்'கற ஒரு மூடநம்பிக்கை ஊர் முழுக்க, நாடு முழுக்கத் திரியுது. அதைத்தான் இங்க போட்டு உடைக்கப் போறேன்.

மொதல்ல சின்னதா ஒரு பாடம். ஆட்டோமேடிக் வண்டியில எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல மிதிக்கிற கிளட்ச் கிடையாது. அந்த எடத்துல ஒரு டப்பா நிறைய எண்ணெய். உள்ளுக்குள்ள எஞ்சினோட சுத்தற ஒரு பம்ப், அது தள்ளற எண்ணெயில சுத்தற ஒரு டர்பைன், நடுவுல எண்ணெயைத் திருப்பி விடற ஸ்டேட்டர். 1905ல ஹெர்மன் ஃபெட்டிங்கர்ங்கற ஜெர்மானியர் கப்பலுக்காகக் காப்புரிமை வாங்கின சங்கதி இது. வண்டி நிக்கும்போது டர்பைன் நிக்குது, பம்ப் சுத்துது. அந்த நேரத்துல ஸ்டேட்டர் புண்ணியத்துல எஞ்சின் டார்க் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். வண்டி வேகம் எடுக்க எடுக்க அது குறைஞ்சு ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஆகிடும். டர்பைனைச் சுத்த விடாம பிடிச்சுக்கிட்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.ல போய் முட்டிக்கிட்டு நிக்குதோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாங்க. ஸ்டால் ஸ்பீடுங்கறது கன்வெர்ட்டரோட குணம் இல்லை. எஞ்சினும் கன்வெர்ட்டரும் சேர்ந்து முட்டிக்கிற எடம் அது. கன்வெர்ட்டருக்குன்னு சொந்தமா இருக்கறது கே-ஃபேக்டர்னு ஒண்ணு. ஆர்.பி.எம்.மை டார்க்கோட வர்க்கமூலத்தால வகுத்தா வரும். அதுக்கு என்ன அர்த்தம்? எஞ்சின் டார்க் கூடினா அதே கன்வெர்ட்டரோட ஸ்டாலும் தானா கூடும். டார்க் 44 சதவீதம் கூடுதுன்னு வைங்க. 1.44க்கு வர்க்கமூலம் 1.2. ஆக, ஸ்டால் 20 சதவீதம் ஏறிடும், நீங்க ஒரு பைசா செலவழிக்காமலே!

தம்பி கதைக்கு இதைப் போட்டுப் பாருங்க. பெட்டியில எழுதியிருக்கற 3600, சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினை மனசுல வச்சு எழுதின நம்பர்னு வச்சுக்குவோம். சூப்பர்சார்ஜர் மாட்டின எஞ்சின்ல அதுவே 4300ஐத் தாண்டும். கடைக்காரர் "எந்த எஞ்சினுக்கு 3600?"னு சொல்லவே இல்லை. தம்பியும் கேக்கவே இல்லை.

தொண்ணூறுகள்ல, ரெண்டாயிரத்து சில்லறையில ஆடியோ செட்டு வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்ல '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். எந்தக் கணக்குல 1000, எத்தனை நேரத்துக்கு 1000, யாருக்கும் தெரியாது. எஞ்சின் பேரு சொல்லாம விக்கற ஸ்டால் நம்பரும் அதே ஸ்டிக்கர்தான்.

எங்க ஊரு கோயமுத்தூர். பம்ப்செட் ஊரு. பெரியப்பா தோட்டத்துக்கு மோட்டார் வாங்கக் கடைக்குப் போனா, மொதக் கேள்வி எத்தனை ஹெச்.பி.ன்னு வராதுங்க. "போர் எத்தனை அடி? தண்ணி எத்தனை அடியில நிக்குது? பைப்பு எத்தனை இஞ்சு?" இதெல்லாம் கேட்டுட்டுத்தான் மோட்டாருக்கே வருவார். கிணத்துக்குப் பொருந்தாத பம்ப் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒண்ணு தண்ணி ஏத்தாது, இல்லை புகைஞ்சு போகும். டார்க் கன்வெர்ட்டரும் ஒரு பம்ப்தானே சாமி! தோட்டத்துக்காரருக்குத் தெரிஞ்ச நியாயம் கோடி ரூபாய் கார்ல சுத்தறவங்களுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

சூப்பர்சார்ஜர்னாலே பெரிய ஸ்டால்ங்கறதும் அரைகுறை. சூப்பர்சார்ஜர்ல ரெண்டு ஜாதி இருக்கு. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ ரகம் ஒவ்வொரு சுத்துக்கும் இத்தனை காத்துன்னு அளந்து தள்ளும். அதனால கீழ் ஆர்.பி.எம்.லயே பூஸ்ட் வந்துடும், டார்க் 2000லயே எகிறும். சென்ட்ரிஃபியூகல் ரகத்துல பூஸ்ட் ஏறக்குறைய ஆர்.பி.எம்.மோட வர்க்கத்துல ஏறும். கீழ ஒண்ணுமே இருக்காது, மேல போகப் போகத்தான் வீரம்.

ஸ்டால் ஏத்தறது எதுக்கு? எஞ்சின் தன்னோட பலம் இருக்கற எடத்துக்குச் சட்டுனு போறதுக்கு. சென்ட்ரிஃபியூகல் போட்ட வண்டிக்கு அது நியாயம். ஆனா கீழயே பலம் கொட்டிக் கிடக்கற ட்வின் ஸ்க்ரூ எஞ்சினை எதுக்கு 4300க்கு ஓட வைக்கணும்? அந்த டார்க்கை டயரே தாங்காது. நீங்க எஞ்சினைத் துள்ள விட்டா டயர் புகையும், வண்டி நகராது.

"அப்ப ட்ராக் ரேஸ்காரங்க எல்லாம் முட்டாளா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. கால் மைல் மட்டுமே ஓடற வண்டி, அதுக்குன்னே செஞ்ச டயர், மேல் ஆர்.பி.எம்.ல மூச்சு விடற எஞ்சின், இதெல்லாம் சேர்ந்தா பெரிய ஸ்டால் சரிதான். ஆனா ஒரு கம்பெனிக்காரனே ட்ராக் ரேஸுக்குன்னு செஞ்சப்ப என்ன பண்ணினான் பாருங்க. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன். 6.2 லிட்டர், ட்வின் ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர், ரேஸ் பெட்ரோல் போட்டா 840 குதிரைத்திறன். ஹெல்கேட்டோட கன்வெர்ட்டரை விட இதுல ஸ்டால் ஏத்தினது சுமார் 11 சதவீதம். நிக்கும்போது டார்க்கைப் பெருக்கறதைத்தான் சுமார் 18 சதவீதம் கூட்டினான். ரேஸுக்குன்னே பொறந்த வண்டிக்கே 11 சதவீதம்தான். மலை ஏறி மாமியார் வீட்டுக்குப் போற வண்டிக்கு எதுக்கு 3600?

அடுத்து, சூடு. இதைப் பத்தி எந்த விக்கறவரும் வாயைத் திறக்க மாட்டார். 600 நியூட்டன் மீட்டரை 2500 ஆர்.பி.எம்.ல ஸ்டால்ல பிடிச்சா 157 கிலோவாட். வண்டி நகராததால அத்தனையும் எண்ணெயிலதான் எறங்கும். பாத்ரூம்ல இருக்கற 2 கிலோவாட் கீசர் 78ஐ ஒரே பக்கெட்டுல போட்ட மாதிரி. மொத்தமா 10 லிட்டர் ஆயில்னு எடுத்தாக்கூட நொடிக்கு 9 டிகிரி ஏறும்.

மலை ஏத்தத்துக்கு வாங்க. 1800 கிலோ வண்டி, 6 சதவீத ஏத்தம், 70 கிலோமீட்டர் வேகம். சக்கரத்துக்கு 28 கிலோவாட் போல வேணும். கன்வெர்ட்டர் 80 சதவீதம்தான் கடத்துதுன்னா எஞ்சின் 35 போடணும், மீதி 7 கிலோவாட் ஆயிலைச் சுட வைக்கும். குளிர வைக்க வழியில்லைன்னா நிமிஷத்துக்கு 25 டிகிரி ஏறும். நெரிசல்ல ரேடியேட்டருக்குக் காத்தும் வராது. இதுல இடைவெளி கிடைக்கறப்பெல்லாம் தம்பி ஒரு மிதி மிதிப்பான். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம்.

"லாக்-அப் இருக்கே, அது வழுக்கலை நிறுத்திடுமே?" நல்ல கேள்வி. லாக்-அப் கிளட்ச் பம்பையும் டர்பைனையும் நேரடியா இறுக்கிக் கட்டிடும், 1949லயே பேக்கார்டு கார்ல வந்துடுச்சு. ஆனா கம்பெனி போட்ட கிளட்ச், கம்பெனி எஞ்சினோட டார்க்குக்கு அளந்து போட்டது. சூப்பர்சார்ஜர் வந்தா பல தட்டு உள்ள கிளட்ச் வேணும். நம்ம கடைக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா? கிளட்ச் தாங்காதுன்னு கம்ப்யூட்டர்ல லாக்-அப்பையே அணைச்சு வச்சுட்டார்! ஆக, வண்டி ஓடற ஒவ்வொரு நிமிஷமும் வழுக்கல். கூடுதல் ஆயில் கூலரும் இல்லை, ஆயில் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் இல்லை. மஸ்டாங்குக்குள்ள அடுப்பு மூட்டிக் குடுத்து, அதுக்குக் காசும் வாங்கிட்டார்.

சரி, அப்ப எப்படித்தான் வாங்கறது? நம்பரைக் கேக்காதீங்க, கேள்வியைக் கேளுங்க.

ஒண்ணு, உங்க எஞ்சினை டைனோல ஏத்தி டார்க் வரைபடத்தை வாங்குங்க. கன்வெர்ட்டர் செய்யறவர் அதைக் கேக்காம விலை சொன்னா, கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க.

ரெண்டு, "என் டார்க்குக்கு இது எத்தனைல ஸ்டால் ஆகும்?"னு எழுத்துல வாங்குங்க. வண்டி எடை, பின் ஆக்ஸில் விகிதம், டயர் அளவு மூணையும் சொல்லுங்க.

மூணு, விட்டத்தைக் கேளுங்க. கன்வெர்ட்டர் தாங்கற டார்க் விட்டத்தோட அஞ்சாவது அடுக்குல மாறும். மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருந்து 12 இஞ்சு 10 ஆனா, தாங்கறது 40 சதவீதமாச் சுருங்கி, ஸ்டால் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும்.

நாலு, உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. இறகுகளை உலையில வச்சுப் பத்த வச்சிருக்கா, கூடு உப்பாம இருக்க வலுவான மூடி இருக்கா, லாக்-அப்ல எத்தனை தட்டு. நம்பரை விட இதுக்குத்தான் காசு குடுக்கணும்.

அஞ்சு, கூலரும் சூட்டு மீட்டரும் இல்லாம வண்டியை வெளிய எடுக்காதீங்க.

தம்பி திரும்ப வந்தான். இந்தத் தடவை லிஃப்ட்ல இல்லை, வீட்டுக்கே வந்து உக்காந்து காபி குடிச்சான். பழைய கன்வெர்ட்டருக்குப் பக்கத்துலயே ஸ்டால், பல தட்டு லாக்-அப், பெரிய கூலர்னு பேசி முடிச்சோம். கிளம்பறப்ப ஒண்ணு கேட்டான். "அண்ணா, அன்னைக்கே உங்களுக்கு இது தெரியும்ல?"

"தெரியும்"னேன். வேற என்ன சொல்றது. மூணு நிமிஷம் பேசியிருந்தா அந்தக் குழந்தை ரோட்டோரத்துல புகைக்குப் பக்கத்துல நின்னிருக்காது. நம்பரை வித்தவரை இவ்வளவு நேரம் திட்டினேன். நம்பர் பொய்னு தெரிஞ்சும் "நல்லாருக்கு தம்பி"ன்னு சொன்ன என்னையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கோங்க. இனிமே கேட்டாலும் கேக்காட்டியும் சொல்றதா முடிவு பண்ணியாச்சு. மதராஸி மாமான்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

பி.கு.: சூப்பர்சார்ஜர் ஆசை இருக்கறவங்க இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பும், தயாரிப்பாளர் குடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது. இதையும் நான் தம்பிகிட்ட அன்னைக்குச் சொல்லலை. இப்ப சொல்லிட்டேன்.