பின் ஷாக்கை மாத்தினா கார் பறக்குமா?

இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸ் பார்த்துட்டு வந்ததிலிருந்து என் வகுப்புத் தோழன் ஒருத்தனுக்கு ஒரே பாட்டுதான். அப்பாவோட ஸ்விஃப்டுக்கு மெத்துன்னு பின் ஷாக் போடணுமாம். அமெரிக்க வீடியோவில் கார் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்குதே, அதான் கிரிப்பாம்!

வேண்டாம்டா என்பது என் கட்சி. அந்தக் கார்களில் எஞ்சின் சுற்றுவது பின்சக்கரத்தை, ஸ்விஃப்டில் முன்சக்கரத்தை. கேரியரில் பண்ருட்டிப் பலாப்பழம் கட்டின டிவிஎஸ் 50-இல் ஹேண்டில்பார் லேசாகுமே, அதே கதைதான் இங்கேயும். எவ்வளவு எடை பின்னால் போகும் என்பதை முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ் மூன்றும்தான் தீர்மானிக்கும். அது எவ்வளவு வேகமாகப் போய், ஆடாமல் அடங்கும் என்பதுதான் ஷாக்கின் வேலை. பின்பக்கம் மெத்தென்றிருந்தால் வண்டி அமுங்கி எழும்பும், முன்டயரின் பிடியும் கூடவே ஆடும். அதனால் முன்சக்கர வண்டிக்குப் பின்னால் இறுக்கமான ஷாக்தான் சரி.

அதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள், அது கிட்டத்தட்ட இலவசம் :-) பிறகு ஷாக்கை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, முதல் 60 அடிக்கு ஆகும் நேரத்தை நோட்டில் எழுதுங்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியதென்றே தெரியாது.

டெஸ்ட் பண்ண எங்க அண்ணாகிராமம் ரோட்டுக்கு மட்டும் வராதீங்க. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏத்திப்போற டிராக்டருக்குப் பல சமயம் பின்விளக்கே இருக்காது.