தொடலைன்னா தொந்தரவே இல்லையா?

கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு மக்களே, பொறுத்துக்கோங்க. காந்தப் பொருள்களை மீயொலி வச்சு ஆராயற இடத்துல அடிக்கடி காதுல விழற ஒரு வாக்குமூலம்: "எங்க கருவி சாம்பிளைத் தொடவே தொடாது. அதனால அளவு சுத்தம்." முதல் வரி உண்மை. ரெண்டாவது வரி எனக்கு ஆகவே ஆகாது.

பழைய முறையோட வண்டவாளம் தெரிஞ்சதுதான். பீஸோ சில்லை சாம்பிள் மேல ஒட்டணும், இல்லேன்னா நடுவுல எண்ணெயோ ஜெல்லோ தடவணும். அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு பார்த்தா, பசையோட குணமும் அதுல கலந்துடும். இரும்பு காந்தத்தன்மையை இழக்கிறது சுமார் 770 டிகிரி செல்சியஸ்ல. அந்தச் சூட்டுல எந்தப் பசை நிக்கும்?

அதுக்கு மாற்றுதான் இமாட். ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம், அவ்வளவே. சுருள்ல உயர் அதிர்வெண் மின்னோட்டம் விட்டா உலோகத்தோட மேல்தோல்ல சுழல் மின்னோட்டம் பிறக்கும். காந்தப்புலம் அதைத் தள்ளும். இது லாரன்ஸ் விசை. இரும்பு, நிக்கல் வகையறாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. புலம் மாறினா நீளமே துளியூண்டு மாறும். 1842-ல் ஜூல் கண்டுபிடிச்ச மேக்னெட்டோஸ்ட்ரிக்‌ஷன். டிரான்ஸ்பார்மர் முனகறதுக்கும் இதான் முக்கிய காரணம். ஆக, சாம்பிளே ஸ்பீக்கர் ஆயிடுது! ஒசாகா பல்கலைக்கழகத்து ஹிராவோவும் ஓகியும் 2003-ல் இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாங்க. அருமையான விஷயம், மறுக்கலை.

ஆனா அந்தக் காந்தம் சும்மாவா உட்கார்ந்திருக்கு?

அலுமினியத்துல பிரச்னை இல்லை. காந்தப் பொருள்ல புலம் பட்டதும் உள்ளே இருக்கிற டொமைன் சுவர்கள் நகரும். அதோட பொருளோட விறைப்பும் மாறும், அதிர்வு அடங்கற வேகமும் மாறும். டெல்டா-ஈ விளைவுன்னு பேரு. நல்லா பதப்படுத்தின நிக்கல்ல விறைப்பு பத்து சதவீதத்துக்கு மேலயே மாறும். எதை அளக்கணுமோ அதையே கருவி மாத்திடுது. கை வைக்கலை, வாஸ்தவம். ஆனா காந்தத்தால கிள்ளிட்டோமே ஐயா!

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன்யா கூப்பாடு?"ன்னு கேப்பீங்க. எஃகுக்குள்ள தங்கியிருக்கிற தகைவை ஒலி வேகத்தை வச்சுக் கணக்கு போடறாங்க. 100 மெகாபாஸ்கல் தகைவு வேகத்தை மாத்தறதே ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்குதான். காந்தப்புலத்தால வர்ற மாற்றமும் அதே அளவுக்கு வரலாம். எது தகைவு, எது காந்தம்னு பிரிக்காம விட்டா, பாலத்துக்கும் குழாய்க்கும் 'ஓகே' முத்திரை எந்த நம்பிக்கையில குத்தறது?

அதுக்காக இமாட்டைத் தூக்கிப் போடச் சொல்லலை. பசைக்குத் திரும்பறது இன்னும் மோசம். லேசர் வச்சுக்கலாம்னா, அதுவும் மேற்பரப்பைச் சுடும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. புலம் எவ்வளவு, எந்தத் திசை, அதுக்கு முன்னாடி சாம்பிள் காந்தமேற்றப்பட்டதா இல்லையான்னு அளவோட சேர்த்து எழுதுங்க. இரும்புக்குப் பழசை மறக்கிற பழக்கம் கிடையாது. ஒரே புலத்துல நிக்காம, ஏத்தி இறக்கி நாலஞ்சு புள்ளியில அளங்க. அந்த மாற்றம் இடைஞ்சல் இல்லை சாமி, டொமைன்கள் சொல்ற சேதியே அதுதான்.

புலத்தோட அளவு போடாத 'சுத்தமான' எண்ணை நான் நம்பறதா இல்லை. மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம் :-)