திருப்புளியை எடுக்கும் முன்...



"போர்டு போச்சும்மா!" ரிப்பேர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. உண்மையில் எத்தனை தடவை போர்டு போகிறது? இந்தக் கேள்வியை இம்மலர் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு அத்தை கூப்பிட்டார்கள். "தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? டி.வி.டி.யில படம் வருது, கலர் வரமாட்டேங்குது. போர்டு மாத்தணும், ஆயிரத்து இருநூறு ஆகும்னு கடையில சொல்றாங்க. கொஞ்சம் பாரேன்" என்றார்கள். உள்ளே இருந்தது அவர்களுடைய அறுபதாம் கல்யாண டிஸ்க். மாமா இப்போது இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா, சால்டர் விட்டிருக்கிறதா என்று மூன்று மணி நேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்ப மூடும்போது ஒரு ஸ்குரூ மிச்சம்!

அதன் பிறகுதான் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. கலர் சிக்னலில் வெளிச்சத்தைச் சொல்லும் லூமினன்ஸ் வேறு, நிறத்தைச் சொல்லும் குரோமினன்ஸ் வேறு. 1982-ல் நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே நிகழ்ச்சி தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அப்படியென்றால், படம் தெளிவாக வரும் பிளேயரில் லேசர், மோட்டார், பவர் சப்ளை எல்லாம் நலம் என்றுதானே அர்த்தம்? நிறம் மட்டும் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது!

பின்பக்கம் பார்த்தேன். மஞ்சள் பின் பச்சை ஜாக்கில் இருந்தது. பச்சையில் வருவது லூமினன்ஸ் மட்டுமே. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஒயரைப் பிடுங்கி, மாற்றிச் செருகிவிட்டார்கள். மஞ்சளில் செருகினேன். அரக்குக் கலர் கூறைப்புடவை பளிச்சென்று வந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. டி.வி.யையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

ஆகவே நண்பர்களே, கலர் வரவில்லை என்றால் முதலில் வேறொரு டிஸ்க்கைப் போடுங்கள். அடுத்து ஜாக்கைப் பாருங்கள். பிறகு பிளேயரின் செட்டப்பில் பால், என்.டி.எஸ்.சி. எது என்று பாருங்கள். பால் முறையில் கலர் சப்கேரியர் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்.டி.எஸ்.சி.யில் 3.58. டி.வி.க்குப் புரியாத முறை வந்தால் உள்ளிருக்கும் கலர் கில்லர் நிறத்தை அடைத்துவிடும். டி.வி.யில் கலர் சிஸ்டம் 'ஆட்டோ'வில் இருக்கிறதா, கலர் அளவு பூஜ்யத்தில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக இன்னொரு டி.வி.யில் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகுதான் திருப்புளி!

"கடைக்காரருக்கும் வயிறு இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பார்த்த வேலைக்குக் கூலி வாங்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் போகாத போர்டைப் போனதாகச் சொல்வது கூலி அல்ல, களவு. நாளை நம்மில் பலர் கடை வைப்போம், சர்வீஸ் சென்டரில் சேருவோம். அன்று நம் எதிரே நிற்பவருக்கு லூமினன்ஸ் தெரியாது. நம் வாக்கை மட்டுமே நம்புவார்.

லேபைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாக் டயகிராமை நாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். ஆனால் பழுதான பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, "எங்கே கோளாறு, கண்டுபிடி" என்று எத்தனை முறை விட்டிருக்கிறார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்கள் துணையோடு நம் சங்கமே இலவசப் பழுதுபார்ப்பு முகாம் நடத்தினால் என்ன? ஊருக்கும் உதவி, நமக்கும் பயிற்சி.

அந்த மிச்ச ஸ்குரூவை இன்னும் என் பாக்ஸில் வைத்திருக்கிறேன். திருப்புளியை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

சிந்திப்போம்! பிறகு கழற்றுவோம்!