ஊர்ப் பக்கத்தில் மின்சாரம்: யார் கையில்?

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இருட்டு மட்டுமா? மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. காசுள்ளவன் டீசல் ஜெனரேட்டர் வைத்துக்கொண்டான். கூலிக்காரன் வீட்டுப் பெண்கள் குடத்தோடு அலைந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்ட பிறகே வெளிச்சம் திரும்பியது.

புயலில்லாத நாளிலும் நிலைமை என்ன? நீண்ட மின்பாதையின் கடைக்கோடியில் இருக்கிறது கிராமம். தூரம் கூடக்கூட வோல்டேஜ் குறைகிறது. மோட்டார் காயில் கருகுகிறது. மோட்டார் நின்றால் நடவு நிற்கும். நடவு நின்றால் கூலி நிற்கும். ஆகவே இது மோட்டார் வைத்திருப்பவரின் பிரச்னை மட்டுமல்ல. நிலமில்லாத உழைப்பாளியின் பிரச்னையும்தான்.

ஊருக்கு அருகிலேயே சூரிய மின்சாரம் உற்பத்தி செய்தால் மின்பாதையில் வீணாவது குறையும். பகலில் வோல்டேஜ் நிமிரும். மத்திய சர்க்கார் 2019ல் கொண்டுவந்த குசும் திட்டம் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையுள்ள நிலையங்களை அமைக்கப் பஞ்சாயத்துக்கும் கூட்டுறவுக்கும் இடம் தந்தது. தனியார் கம்பெனிக்கும் இடம் தந்தது. மூலதனம் இல்லாத பஞ்சாயத்து கம்பெனியோடு எப்படிப் போட்டியிடும்?

இன்னொரு விஷயமும் உண்டு. மின்பாதையோடு இணைத்த சாதாரண சூரிய நிலையம், மின்பாதையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, அவசியமானது. எனவே பாட்டரியும், ஊரைத் தனியே பிரித்து இயக்கும் கருவியும் இல்லையென்றால், புயலன்று நிலையம் இருந்தும் ஊர் இருட்டுதான்.

பஞ்சாயத்தால் முடியுமா என்று கேட்பார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006ல் சுமார் 1.55 கோடி ரூபாயில், பாங்கிக் கடனும் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக்கியது. பீகாரின் தர்னாய் கிராமத்திலோ 2014ல் ஒரு தொண்டு நிறுவனம் 100 கிலோவாட் சூரிய நிலையம் அமைத்தது. மலிவான சர்க்கார் மின்சாரம் வந்தது, பாட்டரிகள் பழுதாயின, கடைசியில் அங்கே மாடு கட்டினார்கள். தகடு பதித்தால் போதாது. பராமரிக்கப் பொறுப்பான ஸ்தாபனமும் நிரந்தரத் தொழிலாளர்களும் வேண்டும் என்பதே இதில் பாடம்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. நிலையம் பஞ்சாயத்துக்கோ மின்வாரியத்துக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். மூலதனத்தை சர்க்கார் தர வேண்டும்.

2. பாட்டரியோடு அமைக்க வேண்டும். குடிதண்ணீர் மோட்டார், சுகாதார நிலையம், சேரித் தெருவிளக்கு ஆகியவற்றுக்கே முதல் இணைப்பு.

3. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும்.

4. இதைச் சாக்காக வைத்து இலவச விவசாய மின்சாரத்திலோ மின்வாரியத்திலோ கைவைக்கக் கூடாது. சிறு நிலையம் பெரிய மின்தொடருக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். வெயில் எல்லோருக்கும் பொது. அதில் பிறக்கும் மின்சாரமும் பொதுவாகவே இருக்கட்டும்!