கியர் லீவர் ஆடினால்...



சென்ற விடுமுறையில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் நிற்பது 1990களில் வந்த பழைய ஹொண்டா சிவிக் கார். அதில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குபவர் ராத்தாதான். மூத்த மகன் ஆசைப்பட்டு அதற்கு 'ஷோர்ட் ஷிஃப்டர்' எனும் குட்டை கியர் லீவர் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தான்.

ஒரு மாதத்தில் லீவர் ஆடத் தொடங்கியது. ராத்தா சொன்னபோது, "உங்களுக்கு இன்னும் பழகயில்ல உம்மா" என்று மகன் சிரித்திருக்கிறான். பிறகு ஒருநாள் பிரதான வீதியில், மூன்றிலிருந்து நாலாவது கியருக்கு இழுத்தது இரண்டாவதில் விழுந்துவிட்டது. கார் குலுங்கி வேகம் சட்டென்று குறைய, பின்னால் வந்த பஸ் மயிரிழையில் விலகியதாம். உள்ளே மூன்று பிள்ளைகள்!

"சாமான்தான் பிழை மாமா, வேற வாங்கப் போறன்" என்றான் மருமகன்.

"எது ஆடுது என்று பார்த்தாயா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை.

இந்த லீவரின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் அசைந்தாலே கியர் விழும். அதனால் ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடையிலுள்ள தூரமும் குறைவு. சிறிய ஆட்டமும் கையை ஏமாற்றிவிடும்.

சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேன்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் அசைவது இயல்பு. கியரில் போட்ட பின் ஆடும் ஆட்டத்தையே கவனிக்க வேண்டும். குமிழ் மட்டும் ஆடினால் மரையை இறுக்கினால் போதும். குமிழ் இறுக்கமாகவே இருந்தது. உறையைக் கழற்றிப் பார்த்தோம். அடி நட்டுகளும் இறுக்கம்.

அடுத்த நாள் கராஜுக்குப் போனோம். ஒருவர் லீவரை அசைக்க, பாஸ் கீழிருந்து பார்த்தார். இந்தக் காரில் லீவரிலிருந்து கியர் பெட்டிக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று கையின் அசைவைக் கொண்டுபோகும்; மற்றது லீவரின் இருக்கையைப் பிடித்துவைக்கும். அசைவைக் கொண்டுபோகும் கம்பி அசைந்தும் கியர் பெட்டியின் தண்டு அசையாவிட்டால், இரண்டையும் இணைக்கும் பின் தேய்ந்திருக்கும். இங்கோ, பிடித்துவைக்கும் கம்பியின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. புதிய லீவரைப் பூட்டியவர்கள் காய்ந்துபோன பழைய புஷ்ஷையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புஷ்ஷை மாற்றியதும் ஆட்டம் நின்றது. லீவரில் எந்தப் பிழையும் இல்லை.

கேபிளால் இயங்கும் கார்களில் கேபிள் நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். எக்ஸிலேட்டரை அழுத்தி விடும்போது மட்டும் லீவர் முன்பின்னாகத் துள்ளினால், எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளைக் கவனிக்க வேண்டும். வெறும் ஜக்கை நம்பி எவரும் வாகனத்தின் கீழே போகலாகாது.

சகோதரிகளே! ஓட்டும் கைக்குத்தான் வாகனத்தின் குறை முதலில் தெரியும். எந்த கியரில், எப்போது, எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கராஜில் கொடுங்கள். "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும், பார்த்துத் திருத்தும்வரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.