காய்ச்சல் யாருக்கு?

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் முதுமொழி. அதன் பொருளை வகுப்பிலே எத்தனையோ முறை மாணவருக்கு விரித்துரைத்திருக்கிறேன். ஆயினும், அதனை உள்ளபடி எனக்கு உணர்த்தியது ஒரு பழைய மோட்டார் காரும், அதன் முகப்பிலே அசையும் ஒரு சிறு முள்ளுமேயாம்.

எந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் கார் அது. 1990களில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த நாளில், சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த யாழ்ப்பாணத்துக் கார்களுள் அதுவும் ஒன்று. மொறிஸ் மைனருக்குத் தொழிற்சாலையில் வெப்பமானி பூட்டும் வழக்கமில்லை. மின்சாரத்தால் இயங்கும் மானி ஒன்றை எந்தையாரே பிற்காலத்தில் பூட்டுவித்தார்.

கடந்த பங்குனியில் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிவரக் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஆனையிறவைத் தாண்டியதும் மானியின் முள் சரேலென உயர்ந்து கொதிநிலைக் கோட்டைத் தொட்டது. வெட்ட வெளியில் ஒரு மணிநேரம் காத்திருந்து, அஞ்சி அஞ்சி வீடு திரும்பினோம். மறுநாள் காரைப் பார்த்த கராஜ் ஒன்றில், ரேடியேற்றரின் உட்கூட்டை மாற்ற வேண்டும், சிலிண்டர் ஹெட்டையும் கழற்ற வேண்டும் என்றார்கள். சொல்லப்பட்ட தொகையோ மகளின் மேற்படிப்புக்கென நாம் சேர்த்துவைத்ததில் பாதி. "இஞ்சருங்கோ, இனி இதை வித்துப்போடுங்கோ" என்றாள் மனையாள். மறுத்துப் பேச எனக்கு நாவெழவில்லை.

அவ்வேளையில் எந்தையாரின் நண்பரான முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, காய்ச்சல் எஞ்சினுக்கோ, காய்ச்சல் பாக்கிற கோலுக்கோ எண்டு முதல் பாப்பம்" என்றார்.

இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த எஞ்சின். அதனைக் கிளப்பாமலே சாவியை மாத்திரம் திருப்பினார். முள் கொதிநிலைக்கு ஏறியது! பச்சைத் தண்ணீர் கொதிக்கிறதென்று சாட்சி சொல்லும் மானியை நான் அன்றுதான் கண்டேன்.

இம்மானியின் இயல்பை அறிந்தால் அதனைச் சோதிக்கும் முறை தானே விளங்கும். எஞ்சினின் நீர்வழியில் ஓர் உணர்முனை பதிந்திருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் உயரும். ஆகவே சாவியைத் திருப்பிவைத்து, உணர்முனையிலிருந்து வயரைக் கழற்றினால் முள் குளிர்ப்பக்கம் இறங்க வேண்டும். அவ்வயரின் நுனியை எஞ்சினின் வெற்றிரும்பில் தொட்டால் சூட்டுப்பக்கம் ஏற வேண்டும். சில மானிகளில் முள் மெல்லவே நகரும். ஆதலால் சில விநாடி பொறுக்கலாம். முள் ஏறியவுடன் வயரை எடுத்துவிட வேண்டும். நெடுநேரம் பிடித்திருந்தால் மானி பழுதாகும். இவ்விரண்டும் சரியாக நிகழ்ந்தால் மானியும் வயரும் பெரும்பாலும் குற்றமற்றவை. ஐயம் உணர்முனையின்மேற் செல்லும்.

எமது காரிலோ, வயரைக் கழற்றிய பின்னும் முள் இறங்கவில்லை. வயர் இடையில் எங்கோ இரும்பைத் தொடுகிறது என்பது அதன் பொருள். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவேயுள்ள தகட்டுச் சுவரில், வயர் நுழையும் துளையின் றப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. வயரின் உறை தேய்ந்து செப்புக்கம்பி தகட்டில் உரசியது. ஒரு முழ வயரும் ஒரு றப்பர் வளையமும் போதுமானவையாயின.

அதனோடு அவர் அமையவில்லை. உணர்முனையையும் கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் அதன் முனை அமிழும்படி தொங்கவிட்டார். அதன் உடலிலிருந்து எஞ்சினுக்கு வேறொரு வயர் கொடுத்தார். உடல் வழியாக மின்சாரம் மீளாவிடில் முள் அசையாது. மரையில் அளவுக்கு மிஞ்சி நாடா சுற்றிப் பூட்டினாலும் இத்தொடர்பு கெட்டு முள் குறைத்துக் காட்டக்கூடும் என்றார். வீட்டிலுள்ள காய்ச்சல்மானி 42 பாகை வரையே காட்டுமாதலால், ஆய்வுகூட வெப்பமானியொன்றை நான் இரவல் வாங்கி வந்தேன். நீர் சூடேற, இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டோம். கடல்மட்டத்தை ஒட்டிய யாழ்ப்பாணத்தில் நீர் 100 பாகை சென்ரிகிறேட்டில், அதாவது 212 பாகை பரனைற்றில் கொதிக்கும். நுவரெலியாவிற் செய்வோர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிப்பதைக் காண்பர்.

இன்னும் பழைய சில கார்களில் மின்சாரமில்லாத மானி உண்டு. குமிழொன்றில் அடைத்த ஈதர் சூட்டால் ஆவியாகி, மெல்லிய செப்புக்குழாய் வழியே முள்ளைத் தள்ளும். குமிழைச் சுடுநீரில் இட்டே அதனைச் சோதிக்க வேண்டும். குழாய் முறிந்தால் ஈதர் வெளியேறிவிடும். முள் என்றும் குளிரையே காட்டும். 1960களின் பிற்பகுதிக் கார்கள் பலவற்றில், மானிகளுக்கு 10 வோல்ற்று அளவில் மின்சாரம் வழங்கும் சீராக்கி ஒன்று உண்டு. பெற்றோல் மானியும் வெப்பமானியும் ஒருங்கே கூட்டியோ குறைத்தோ காட்டினால் முதலில் அதனையே ஐயுறுக.

பொய்யாகச் சூடு காட்டும் முள் பணத்தைத்தான் பறிக்கும். பொய்யாகக் குளிர் காட்டும் முள்ளோ எஞ்சினையே பறித்துவிடும். நீர் ஒழுகி வற்றியபின் உணர்முனை நீரின்றி ஆவியிலே நிற்கும். அப்போது முள் இறங்கவும் கூடும். ஓடும்போது காரணமின்றி முள் திடீரென விழுந்தால் மகிழாது காரை நிறுத்துக. நிறுத்தியதும் ரேடியேற்றர் மூடியைத் திறவற்க. 7 இறாத்தல் அமுக்க மூடியின் கீழ் நீர் 110 பாகைக்கு மேலும் கொதியாது அடங்கியிருக்கும். திறந்த கணமே சீறி எழும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறுத்தல் வேண்டும்.

காட்சி, அனுமானம், உரை என அளவைகளை மூன்றாகக் கொள்வர் சைவசித்தாந்திகள். முள் சொல்வது உரை. அவ்வுரையை நம்புமுன் உரைப்பவனைச் சோதிக்க வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். அம்முதியவர் கூலி வாங்க மறுத்து, ஒரு கோப்பை தேநீர் மாத்திரம் அருந்திச் சென்றார். சித்திரையில் முறிகண்டிக்கு மீண்டும் போய்த் தேங்காய் உடைத்தோம். முள் நடுவிலே நின்றது. மனையாளும் காரை விற்கும் பேச்சை எடுக்கவில்லை.